பதினாறாவது ஜோடி

இதைப் படித்துவிட்டு "கிழவி நல்லா கதை விடுறா" என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடந்தது எனக்கு. நான் பார்த்ததையும் என் தலையில் உணர்ந்ததையும்தான் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் இங்கேயே புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்து இலையில் ஒரு அப்பளம் கூட விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கதையில் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள எனக்கு உத்தேசம் இல்லை.

1937-ஆம் வருடம். திருச்சி பாலக்கரைக்குப் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கான ஓர் அநாதை விடுதி. பெயர் வேண்டாம். இப்போது அந்தக் கட்டடமே இல்லை. அப்போது நாங்கள் முப்பது பேர் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. லால்குடிப் பக்கம் எங்கள் ஊரில் காலரா வந்து, ஒரே வாரத்தில் அப்பாவும் அம்மாவும் போய்விட, மூன்று வயதில் என்னைக் கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அழகம்மாள் என்ற பெயர் மட்டும்தான் அவர்கள் கொடுத்த சொத்து.

விடுதியில் ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய பிள்ளை ஒவ்வொருத்திக்கும் ஒரு சின்னப் பிள்ளையைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு ஜோடி என்று பெயர். சின்னவளைக் குளிப்பாட்டுவது, சோறு பிசைந்து கொடுப்பது, ராத்திரி வெளியே போகவேண்டும் என்றால் லாந்தரை எடுத்துக்கொண்டு துணைக்குப் போவது, தலை வாரிப் பின்னுவது... எல்லாம் பெரியவள் பொறுப்பு. முப்பது பேர், பதினைந்து ஜோடி.

என் பெரியவள் டோரதி அக்கா. பதினைந்து வயது. கறுப்பு. சிரித்தால் ஒரு பல் கொஞ்சம் முன்னால் வரும். முழங்காலைத் தொடும் தலைமுடி. அவளுக்குக் கிடைக்கும் முட்டையில் பாதி எனக்கு. அவள் போர்வையில் பாதி எனக்கு. எனக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை, எனக்கு வேறு யாரும் வேண்டியதும் இல்லை. அவள் இன்னொரு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாலே எனக்கு வயிறு எரியும்.

சாயங்காலம் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதும். காற்று இந்தப் பக்கம் இருந்தால் எங்களுக்கு நன்றாகக் கேட்கும். அதுதான் தலைவாரும் நேரம். பின்வராந்தாப் படிக்கட்டில் ஜோடி ஜோடியாக உட்காருவோம். பெரியவள் மேல்படியில், சின்னவள் கீழ்ப்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு. எல்லார் கையிலும் ஒரு மரச்சீப்பு. திரும்பக் கூடாது. திரும்பினால் வகிடு கோணிவிடும், சீப்பாலேயே மண்டையில் ஒன்று விழும். விடுதியில் முகம் பார்க்கும் கண்ணாடியும் கிடையாது. பெண் பிள்ளைகளுக்குக் கண்ணாடி கெடுதல் என்று விடுதியை நடத்திய மேட்ரன் அம்மா வைக்கவிடவில்லை. அதனால் நம் பின்னல் எப்படி இருக்கிறது என்று நமக்கே தெரியாது. பின்னியவள் சொன்னால்தான் உண்டு.

எல்லாரும் உட்கார்ந்ததும் மேட்ரன் அம்மா வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணுவார்.

"பதினஞ்சு ஜோடி. சரி, ஆரம்பிங்க."

அந்த வருடம் ஆடிப்பெருக்கு அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்திருந்ததாம். கூட்டமெல்லாம் கலைந்த பிறகும் தேடி யாரும் வரவில்லை. நாலு வயது இருக்கும். மறுநாள் காலை ஒரு போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மேட்ரன் அம்மா அதற்கு லூர்து என்று பெயர் வைத்தார். பெயர் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அழகம்மா, ஒனக்கு ஒம்போது வயசாச்சு. இனிமே நீயே வாரிக்க. டோரதி, இந்தப் புள்ள இனிமே உன் சின்னவ."

அவ்வளவுதான். ஒரே வார்த்தையில் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

டோரதி அக்கா என் கன்னத்தைத் தட்டினாள். "எங்கடி போயிடப் போறேன், இங்கதானே இருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த இடுப்பு என் இடுப்பு! அன்று ராத்திரி அந்தக் குழந்தையின் காலில் நான் கிள்ளினேன். அது அழவில்லை. என்னையே பார்த்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சங்கு ஊதியது. நான் வராந்தாவின் கடைசிப் படியில் போய் ஒற்றையாக உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஒரு தூண், அதற்கு அப்பால் துவைகல், அதற்கு அப்பால் மரப்பலகை போட்டு மூடிய பழைய கிணறு. அங்கே வழக்கமாக யாரும் உட்கார மாட்டார்கள். வேண்டுமென்றேதான் உட்கார்ந்தேன். டோரதி அக்கா பார்த்து வருத்தப்படவேண்டும் என்று. அவள் ஒரு தரம் பார்த்தாள். பிறகு லூர்துவின் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மேட்ரன் அம்மா எண்ணினார்.

"பதினஞ்சு... பதினாறு. பதினாறு ஜோடி. சரி, ஆரம்பிங்க."

நான் அந்த வரிசையைப் பார்த்தேன். முப்பத்தொரு பேர். பதினைந்து ஜோடி, நான் ஒருத்தி. கிழவிக்குக் கண் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னத் தெரியாது. ஆறு வருடம் ஒருத்தி பின்னிவிட்டால் எங்கே தெரியும்? கற்றுக்கொள் என்று டோரதி அக்கா எத்தனையோ தரம் சொன்னாள். கற்றுக்கொண்டால் அவள் பின்னிவிட மாட்டாளே என்று நான்தான் கற்றுக்கொள்ளவில்லை. அன்று முடியைச் சும்மா முடிச்சுப் போட்டுக்கொண்டு போய்ப் படுத்தேன்.

அடுத்த நாள். புதன்கிழமை. சங்கு ஊதி ஒரு பத்து நிமிடம் இருக்கும். சிக்கு எடுக்கத் தெரியாமல் நான் முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் கையிலிருந்த சீப்பை மெதுவாக வாங்கிக்கொண்டது.

வந்துவிட்டாள் என்று நினைத்தேன். என் டோரதி அக்கா மனசு கேட்காமல் வந்துவிட்டாள். கோபம் இன்னும் மிச்சம் இருந்ததால் நான் பேசவில்லை. திரும்பவும் இல்லை. விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரக்... சரக்... சரக்...

சீப்பு இறங்கியது. வலிக்கவே இல்லை. பிடரியில் ஒரு விரல் பட்டது. ஈரக் கை. இப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கால்மணி நேரம் ஆகியிருக்கும். பின்னி முடித்து, நுனியில் முடிச்சுப் போட்டு, சீப்பை என் மடியில் வைத்தது அந்தக் கை.

"எனக்குத் தெரியும்க்கா, நீ வருவேன்னு" என்று சொன்னேன்.



அதே நேரம் வராந்தாவின் மறுகோடியில் டோரதி அக்காவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பார்த்தேன். அவள் லூர்துவின் தலையில் நாடா கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

சட்டென்று திரும்பினேன். எனக்குப் பின்னால் வெறும் படி. மேல்படியில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருந்தது.

மற்ற பெரிய பிள்ளைகள் பதினாலு பேரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். எல்லாரும் அவரவர் சின்னவளோடு இருந்தார்கள்.

பயந்தேனா? கேட்டால் சிரிப்பீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது! யாரோ ஒருத்தி எனக்கென்று இருக்கிறாள். யாராக இருந்தால் என்ன? நேரே டோரதி அக்காவிடம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவளும் கொஞ்சம் எரியட்டும்.

"யாருடி பின்னிவிட்டா?" என்று கேட்டாள். பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். "நாலுகால் பின்னல். இங்க யாருக்கும் இது வராதே."

"எனக்கு ஒரு ஆள் இருக்கு" என்றேன்.

அவள் முகம் மாறியது. அது போதும் எனக்கு. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வியாழன் வந்தது. வெள்ளி வந்தது. தினமும் சங்கு ஊதிப் பத்து நிமிடத்தில் அந்த ஈரக் கை வந்தது. தினமும் மேட்ரன் அம்மா பதினாறு ஜோடி என்று எண்ணினார்.

சனிக்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். அலுமினியத் தட்டில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து என் காலடியில் வைத்துக்கொண்டேன். குனிந்தால் முகம் தெரியும். ஆள் யார் என்று பார்த்துவிடலாம் என்று.

சரக்... சரக்...

சீப்பு நின்றது. பின்ன ஆரம்பித்தது. நான் மெதுவாகக் குனிந்தேன்.

தண்ணீரில் என் முகம் தெரிந்தது. மேலே வராந்தாவின் ஓடு தெரிந்தது. என் தலைக்குப் பின்னால் என் முடி, நாலு பிரிவாக, காற்றில் நின்றது. ஒன்று மேலே போனது. ஒன்று கீழே வந்தது. மேலே... கீழே... யாரும் இல்லை.

கத்தியிருக்க வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்? தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நான் கத்தவில்லை. கத்தினால் எல்லாரும் ஓடி வருவார்கள். வந்தால் அவள் போய்விடுவாள். போனால் மறுபடி நான் ஒற்றை. பல்லைக் கடித்துக்கொண்டு காலால் தட்டைத் தள்ளிவிட்டேன். தண்ணீர் கொட்டியது. பின்னல் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லூர்து என்னிடம் வந்து பேசியது. அதுவரை அது யாரிடமும் அதிகம் பேசியதில்லை.

"அந்தப் பாப்பா ஏன் அழுவுது?"

"எந்தப் பாப்பா?"

என் தோளுக்குப் பின்னால் கையைக் காட்டியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "போடி அந்தாண்ட" என்று தள்ளிவிட்டேன்.

அன்று சாயங்காலம் டோரதி அக்கா லூர்துவை மடியில் போட்டுக்கொண்டு தாலாட்டுவதைப் பார்த்தேன். எனக்குப் பாடிய அதே பாட்டு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பின்னால் சீப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"அந்த லூர்து இங்க இருக்கக் கூடாது."

சீப்பு நின்றது.

வராந்தா முழுக்கப் பேச்சும் சிரிப்பும். என் படியில் மட்டும் சத்தமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சை எண்ணினேன். பிறகு மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தரம் வேகமாக.

சரக்சரக்சரக்சரக்...

செவ்வாய்க்கிழமை லூர்துவுக்குக் காய்ச்சலில் உடம்பு சுட்டது. பின்வராந்தாவில் காற்றாட ஒரு பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெப மணி அடித்தது. ஜெபத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பது டோரதி அக்காதான், அவள் போகாமல் இருக்க முடியாது. என்னைக் கூப்பிட்டாள்.

"அழகு, ஜெபம் முடியற வரைக்கும் இவளப் பாத்துக்கடி. இப்பதான் தூங்கினா, எழுப்பிடாத."

"ம்" என்றேன்.

எல்லாரும் முன்கட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் லூர்துவும்தான். அதன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு சூடாக என் கையில் பட்டது. இன்னும் முழுசாக இருட்டவில்லை. முன்கட்டில் பாட்டு ஆரம்பித்தது. கூடத்துக் கடிகாரத்தில் ஆறு பத்து. கதவு வழியாக அது எனக்குத் தெரிந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

சரக்...

சீப்புகள் எல்லாம் மேட்ரன் அம்மாவின் அலமாரியில் பூட்டியிருக்கும். எனக்குத் தெரியும்.

சரக்... சரக்...

என் பின்னல் தானாக அவிழ்ந்தது. முடி தோளில் விழுந்தது. பிறகு மடியில் கிடந்த லூர்துவின் முடி... மெதுவாக மேலே எழுந்தது.

என் முடியில் இரண்டு பிரிவு. அதன் முடியில் இரண்டு பிரிவு.

மேலே... கீழே... மேலே... கீழே...

என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் அது பொய். தெரிந்தது. ஏதோ கெட்டது நடக்கப் போகிறது, இந்தக் குழந்தைக்கு நடக்கப் போகிறது என்று நன்றாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நடக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பாட்டில் இரண்டு சரணம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது சரணத்தில் என் தலை பின்னால் இழுபட்டது.

மல்லாந்து விழுந்தேன். லூர்துவும் என்னோடு வந்தது. தலையோடு தலை இடித்தது.

ஒரு படி...

இரண்டு படி...

தூணைத் தாண்டியது. மண் தரை முதுகில் உரசியது. துவைகல் தெரிந்தது. அதற்கு அப்பால்...

கிணற்றுப் பலகை விலகிக் கிடந்தது.

லூர்து கண்ணைத் திறந்தது. அழவில்லை.

"பாப்பா கூப்பிடுது" என்றது.

பிறகு அதன் சின்னக் கை என் விரலைத் தேடிப் பிடித்தது. அது சொன்னது...

"அக்கா."

என்னை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான்தான் எல்லாரையும் கூப்பிடுவேன். என்னமோ தெரியவில்லை, நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது அப்படியே உடைந்து போய்விட்டது. ஒரு கையால் துவைகல்லைப் பிடித்தேன். இன்னொரு கையால் குழந்தையைக் கட்டிக்கொண்டேன்.

"டோரதிக்கா! டோரதிக்கா!"

இழுத்தது.

"அக்கா!"

இன்னும் இழுத்தது. மண்டைத் தோல் கிழிகிற மாதிரி...

பாட்டு நின்றது.

காலடிச் சத்தம்.

சட்டென்று தளர்ந்தது.

டோரதி அக்காதான் முதலில் ஓடி வந்தாள். பின்னாலேயே மேட்ரன் அம்மா லாந்தரோடு வந்தார். வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் கிணற்றிலிருந்து நாலு முழத்தில் கிடந்தோம். இரண்டு தலைக்கும் சேர்த்து ஒரே பின்னல். கல் மாதிரி இறுகிப் போய், அவிழ்க்க வராமல், டோரதி அக்கா கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டித்தான் பிரித்தாள்.

மேட்ரன் அம்மா என்னை அறைந்தார். "பொறாமை புடிச்ச கழுத! காச்சல்ல கெடக்குற புள்ளையக் கெணத்துல தள்ளப் பாத்தியா?"

"இவ செய்யலம்மா" என்றாள் டோரதி அக்கா. வெட்டிய பின்னலை லாந்தர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "இவளுக்குப் பின்னவே தெரியாதும்மா."

மேட்ரன் அம்மா காதில் வாங்கவில்லை. மறுநாள் எனக்கு மொட்டை அடித்தார்கள். நல்லதாகப் போயிற்று. அதற்குப் பிறகு அந்தக் கை வரவில்லை. முடி வளர்ந்த பிறகும் வரவில்லை. டோரதி அக்கா என்னையும் லூர்துவையும் இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு தூங்கினாள். லூர்துவுக்கு நானே தலை வாரிவிடப் பின்னக் கற்றுக்கொண்டேன். என் பொறாமை அதோடு தொலைந்தது என்றுதான் நினைத்தேன்.

எங்கே தொலையும்? அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தது.

1940. டோரதி அக்காவுக்குப் பதினெட்டு. விடுதியில் பெண் கேட்டு வருவது வழக்கம்தான். பொன்மலையில் ஃபிட்டர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். சைக்கிள் வைத்திருந்தார். டோரதி அக்காவைப் பார்த்தார், பிடித்துப் போயிற்று. அவளுக்கும் பிடித்துப் போயிற்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் ஒரு மாதமாகத் தானாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். அந்த ஆள் செத்துப்போகக் கூடாதா என்று நான் நினைத்திருக்கிறேன். பன்னிரண்டு வயதில்.

திங்கட்கிழமை கல்யாணம். ஞாயிறு ராத்திரி கடைசித் தரமாக அவள் பக்கத்தில் படுத்தேன். அழுது அழுது தூங்கிப்போனேன். விடிந்துதான் எழுந்தேன்.

காலையில் டோரதி அக்கா வெள்ளைச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் காதைப் பிடித்துத் திருகினாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"ஏண்டி, திருட்டுக் கழுத. இப்படியா பண்ணுவ?"

"என்னக்கா பண்ணேன்?"

"நடிக்காத. நாலு மணிக்கு என்ன எழுப்பினியா, வெளிய போகணும்க்கான்னு? சரின்னு எந்திரிச்சா தல இழுக்குது. தடவிப் பாத்தா ஒன் முடியும் என் முடியும் ஒண்ணா பின்னிக் கெடக்கு. பாதி வரைக்கும் பின்னியிருந்தது. இப்பதான் ஒனக்குப் பின்னத் தெரியுமே! என்னடி இதுன்னு கேட்டா, வாக்கா, வெளிய போயி அவுத்துக்கலாம்ங்கற. நான் அங்கயே உக்காந்து அவுத்துட்டேன். திரும்பிப் பாத்தா நீ தூங்கிட்ட."

நான் நாலு மணிக்கு எழவே இல்லை.

எழுந்து வெளியே வந்தேன். தோட்டக்காரர் ராசப்பன் தாத்தா வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். விடுதி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவர். பழைய விஷயம் எதையும் பிள்ளைகளிடம் பேசக்கூடாது என்று மேட்ரன் அம்மா அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் நேராகக் கேட்டேன்.

"தாத்தா, அந்தக் கெணத்துல யாரு செத்தது?"

அவர் கையிலிருந்த சணல் கயிறு கீழே விழுந்தது.

"யாரு சொன்னா ஒனக்கு?"

"சொல்லுங்க தாத்தா."

சுற்றுமுற்றும் பார்த்தார். "கல்யாண நாளும் அதுவுமா கேக்குறியே பாப்பா" என்றார். பிறகு சொன்னார். மெதுவாக.

"இருவது வருசம் இருக்கும். ஒரு ஜோடி. பெரிய புள்ளைக்கு மறுநா காலையில கல்யாணம். விடியக்காலம் தண்ணி எறைக்க வந்தவன் நான்தான் பாத்தேன். ரெண்டும் மெதந்துச்சு. ரெண்டு தலமுடியும் ஒண்ணா சேத்துப் பின்னியிருந்துச்சு. பிரிக்க முடியல. அப்படியேதான் பொதச்சோம்."

"அந்தப் பெரிய அக்கா ஏன் தாத்தா அப்படிச் செஞ்சாங்க?"

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் நெனச்சோம். அது இல்ல பாப்பா." தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பக்கத்துல படுத்திருந்த புள்ளைங்க அப்புறம் சொல்லிச்சுங்க. நாலு மணிக்கு அந்தச் சின்னதுதான் எழுப்பியிருக்கு, வெளிய போகணும்க்கான்னு. தல இழுக்குதுடின்னு பெரியது சொல்லியிருக்கு. வாக்கா, வெளிய போயி அவுத்துக்கலாம்னு சின்னது சொல்லியிருக்கு. பாவம், தூக்கக் கலக்கத்துல லாந்தரத் தூக்கிக்கிட்டுப் பின்னாலேயே போயிருக்கா. கெணத்துக்கிட்ட வந்ததும் சின்னது குதிச்சிருக்கணும். முடி கட்டியிருக்குல்ல... பெரியவ என்ன பண்ணுவா?"

"சின்னதுக்கு என்ன வயசு தாத்தா?"

"ஒம்போது."

உள்ளே கோயிலுக்குப் புறப்படும் சத்தம் கேட்டது. டோரதி அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனேன். தலையில் பூ வைத்துவிடச் சொன்னாள். அவள் முடியைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. லூர்துவை வைக்கச் சொன்னேன். டோரதி அக்கா பிறகு ஐம்பத்திரண்டு வருடம் நன்றாக வாழ்ந்தாள். கடைசி வரைக்கும் இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி நான் எழவில்லை. யாரையும் எழுப்பவில்லை. யார் முடியையும் தொடவில்லை. இது சத்தியம். ஆனால் விளக்கை அணைத்த பிறகு, டோரதி அக்கா பக்கத்தில் படுத்துக்கொண்டு, இந்த இரண்டு முடியையும் சேர்த்துப் பின்னிவிட்டால் இவள் எப்படிப் போவாள் என்று நினைத்தேன். நினைக்க மட்டும்தான் செய்தேன்.